டாக்கர்ஃபைல் மாறவில்லை, உள்ளே இருப்பது மாறியிருக்கலாம்

நம்பிக்கை: கன்டெய்னருக்குள் வேலை செய்தால் பைத்தான் பேக்கேஜ்களின் பதிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உண்மை: கன்டெய்னர் பிரித்துவைக்கும், பதிப்பைப் பூட்டாது. ஒரு புராஜெக்டின் பேக்கேஜ் இன்னொன்றோடு மோதாமல் அது காக்கிறது. எந்தப் பதிப்பை இறக்குவது என்பதை முடிவுசெய்வதோ பில்ட் நேரத்தில் ஓடும் பிப். வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், அன்றைக்குப் பைபிஐயில் இருப்பவற்றில் பொருந்தக்கூடிய ஆகப் புதியதை அது எடுக்கும். பில்ட் ஆன இமேஜ் மாறாது என்பது சரிதான். ஆனால் அதே டாக்கர்ஃபைல் அடுத்த மாதம் வேறொரு இமேஜைத் தரலாம். சொந்தக் கணினியில் இது கண்ணில் படுவதில்லை. கோப்பு மாறாதவரை டாக்கர் பழைய லேயரையே கேஷிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கேஷ் இல்லாத பில்ட் சர்வரில்தான் குட்டு வெளிப்படும்.

நம்பிக்கை: ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பதிப்பு எண் எழுதிவிட்டேன்; அது போதும்.

உண்மை: நீங்கள் எழுதியது நீங்கள் நேரடியாகக் கேட்ட பேக்கேஜ்களை மட்டுமே. அவை கூட்டிக்கொண்டு வருபவை திறந்தே கிடக்கின்றன. கோப்பில் பாண்டாஸ் 2.0.3 என்ற ஒரே வரி இருப்பதாகக் கொள்வோம். அது நம்பையை நம்பி நிற்கிறது. ஆனால் நம்பைக்கு மேல்வரம்பு விதிக்கவில்லை. 2024 ஜூன் 16 அன்று நம்பை 2.0 வெளிவந்தது. அதற்கு முன் பில்ட் செய்தவருக்கு 1.x வரிசை கிடைத்தது. பின்னர் புதிதாக பில்ட் செய்தவருக்கு 2.x வந்து சேர்ந்தது, 1.x-க்காக கம்பைல் செய்யப்பட்ட பாண்டாஸ் இம்போர்ட் வரியிலேயே பைனரி பொருந்தவில்லை என்று விழுந்தது. டாக்கர்ஃபைலிலும் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆகவே மறைமுகமாக வரும் பேக்கேஜ்களையும் சேர்த்து, ஹேஷோடு பதியும் லாக் ஃபைல் வேண்டும். பிப்-டூல்ஸ், போயட்ரி, யூவி மூன்றுமே அதை உருவாக்கித் தரும்.

நம்பிக்கை: ஓடும் கன்டெய்னருக்குள் நுழைந்து பிப் இன்ஸ்டால் போட்டால் முடிந்தது.

உண்மை: அது அந்தக் கன்டெய்னரின் எழுதும் லேயரில் மட்டுமே உட்காரும். கன்டெய்னரை நீக்கினால் பேக்கேஜும் போய்விடும். சக ஊழியரின் கன்டெய்னருக்கு அது வரவே வராது. சோதித்துப் பார்க்க அப்படிப் போடலாம். வைத்துக்கொள்வதென்றால் லாக் ஃபைலில் சேர்த்து இமேஜை மறுபடி பில்ட் செய்ய வேண்டும்.

பூட்டிவைத்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போகுமே என்ற கேள்வி நியாயமானது. பூட்டிவிட்டு மறந்துபோனால் அப்படித்தான் ஆகும். ஆனால் பூட்டாமல் விட்டால் திருத்தம் நிச்சயம் வரும் என்பதும் இல்லை. கேஷில் இருக்கும் பழைய லேயர் அதையும் தடுத்துவிடும். லாக் ஃபைல் இருந்தால் எது, எப்போது, எந்தப் பதிப்புக்கு மாறியது என்பது கிட் வரலாற்றில் நிற்கும். சோதனைகளை ஓட்டிப் பார்த்து ஏற்கலாம், பிடிக்காவிட்டால் பின்வாங்கலாம். எனவே லாக் ஃபைலைக் கோடோடு சேர்த்துக் கமிட் செய்யுங்கள்; குறித்த இடைவெளியில் புதுப்பியுங்கள்; இமேஜ் அந்தக் கோப்பிலிருந்து மட்டுமே பேக்கேஜ்களை எடுக்கட்டும்.