எக்ஸோசோம் ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பித்தநாளப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் புரதங்களை செல்கள் வெளியிடும் நுண்பைகளான எக்ஸோசோம்களில் தேட வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கருவிகளை இயக்க யார் வேண்டுமானாலும் கற்றுத்தருவார்கள். நான் சொல்ல வந்தவை வேறு.

1. முதலில் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள். பித்தநாளம் கல்லீரலுக்கு உள்ளும் வெளியும் ஓடும் மெல்லிய குழாய். கட்டி அதை அடைக்கும்வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து நோயாளி வந்து சேரும்போது, பலருக்கு அறுவைசிகிச்சைக்கான காலம் கடந்திருக்கும். உலகிலேயே இந்த நோய் மிகுதியாக இருப்பது வடகிழக்குத் தாய்லாந்தில். அங்கே ஆற்றுமீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் சேர்த்து ‘கோய் பிளா’ என்று உண்பார்கள். மீனோடு ஒரு தட்டைப்புழு உள்ளே போய்ப் பித்தநாளத்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். ஓபிஸ்தோர்கிஸ் விவெரினி என்பது அதன் பெயர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இந்தப் புழுத்தொற்றைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. அந்தப் புழுவும் எக்ஸோசோம்களை வெளியிடுகிறது. பித்தநாளச் செல்கள் அவற்றை விழுங்கிப் பெருகுவதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே அந்த வட்டாரத்து மாதிரி உங்கள் கைக்கு வந்தால், கிடைத்த புரதம் மனிதனுடையதா, புழுவினுடையதா என்று கேளுங்கள்.

2. இப்போதுள்ள சோதனை எங்கே தவறுகிறது என்று பாருங்கள். இரத்தத்தில் அளக்கும் சி.ஏ. 19-9 என்ற புற்று அடையாளம் பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் ஏறும், கிருமித்தொற்று வந்தாலும் ஏறும். லூயிஸ் இரத்தவகை இல்லாதவர்களின் உடல் அதைச் சுரப்பதே இல்லை. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் அப்படிப்பட்டவர்கள். எண்டோஸ்கோப் வழியே பித்தநாளத்தைத் தூரிகையால் சுரண்டி எடுக்கும் செல்களில் புற்று தெரிந்தால் நம்பலாம். தெரியாவிட்டால் நிம்மதி அடைய முடியாது.

3. எக்ஸோசோம் என்ற சொல்லை எளிதில் பயன்படுத்தாதீர்கள். 1983இல் முதிராத சிவப்பணுக்கள் தமக்கு வேண்டாத புரதத்தைச் சிறு பைகளில் கட்டி வெளியேற்றுவதைக் கண்டார்கள். அப்போது அதைச் செல்லின் குப்பை என்றே பலர் நினைத்தார்கள். செல்லுக்குள் உருவாகி வெளியேறும், 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள அந்தப் பைகளே எக்ஸோசோம்கள். அவற்றைப் போலவே, செல்லின் மேல்சவ்விலிருந்து நேரே பிதுங்கும் பைகளும் உண்டு. உருவான இடத்தை நிறுவ முடியாதபோது ‘செல்வெளிப் பைகள்’ என்று எழுதுவதே நேர்மை. பைகளின் அடையாளப் புரதங்களான சிடி63, சிடி81 இருப்பதைக் காட்டினால் மட்டும் போதாது. கால்னெக்ஸின் போன்ற செல்லுக்குள் இருக்கவேண்டிய புரதம் கலந்துவிடவில்லை என்பதையும் காட்டுங்கள்.

4. இரத்தம் எடுத்த முதல் ஒரு மணி நேரம்தான் உங்கள் ஆய்வு. உறையவிட்டு சீரம் எடுத்தால், உறையும்போது பிளேட்லெட்டுகள் தம் பைகளைக் கொட்டிவிடும். சாப்பிட்டவுடன் எடுத்தால் கொழுப்புத் துகள்கள் அதே அளவில் வந்து நிற்கும். நான் பட்டதைச் சொல்கிறேன். ஒருமுறை நோயாளிகளையும் நலமானவர்களையும் அழகாகப் பிரித்துக்காட்டும் ஒரு புரதம் கிடைத்தது. எட்டு மாதம் அதன் பின்னால் ஓடினேன். பிறகுதான் தெரிந்தது, நோயாளிகளின் குழாய்கள் வார்டிலிருந்து வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. நலமானவர்கள் எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகள். அவர்கள் இரத்தம் உடனே சென்ட்ரிஃப்யூஜுக்குப் போயிற்று. நான் அளந்தது நோயை அன்று, காத்திருப்பை. அதனால் குழாயில் தேதியோடு மணியையும் எழுதுங்கள்.

5. எல்லாவற்றிலும் முக்கியமானது இது. நலமானவரோடு ஒப்பிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். நலமானவர் மருத்துவரிடம் வருவதே இல்லை. வருகிறவர் மஞ்சள் காமாலையோடு வருகிறார். அது கல்லா, அழற்சியா, புற்றா என்பதே மருத்துவரின் கேள்வி. 2017இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரக் குழு வெளியிட்ட ஆய்வை நான் மதிப்பது இதற்காகத்தான். பித்தநாளத் தழும்பு நோயான பி.எஸ்.சி. உள்ளவர்களையும் கல்லீரல் புற்று உள்ளவர்களையும் சேர்த்தே ஒப்பிட்டார்கள். பி.எஸ்.சி. நோயாளிகளிடமிருந்து புற்றைப் பிரிக்க அவர்களுக்குக் கிடைத்தவற்றில் ஃபைப்ரினோஜென், எஸ்100ஏ8 போன்றவை இருந்தன. இவை அழற்சியிலும் கூடும் புரதங்கள். வேறொரு காய்ச்சலிலும் இவை ஏறுமே என்ற கேள்வியை ஆய்வரங்கில் யாராவது கேட்குமுன் நீங்களே கேட்டு, அதற்குரிய மாதிரிகளைச் சேகரியுங்கள்.

6. பித்தநீரில் தேடினால் கட்டிக்கு நெருக்கம். ஆனால் அதை எடுக்க எண்டோஸ்கோப் வேண்டும். ஊருக்கெல்லாம் முன்கூட்டியே பரிசோதிக்க அது ஆகாது.

7. எக்ஸோசோம்களில் தேடப்பட்ட கிளிபிகன்-1 என்ற புரதத்தின் கதையை மறக்காதீர்கள். 2015இல் கணையப் புற்றுக்கு அது கிட்டத்தட்ட பிழையே இல்லாத அடையாளம் என்று பெரிய இதழில் வந்தது. பின்னால் செய்து பார்த்த பல குழுக்களுக்கு அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. உங்கள் புரதத்தை இன்னொரு ஊரின் மாதிரிகளில், யாருடையது என்று தெரியாமல் மறைத்துவைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தோற்றால் அதையும் வெளியிடுங்கள்.

8. இரத்தம் கொடுத்தவருக்கு உங்கள் ஆய்வால் பயன் வரப்போவதில்லை. அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் கையை நீட்டினார். அந்த இரத்தத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருகவைத்ததை மீண்டும் உறையவைக்காதீர்கள்.