ஒளியும் உள்ளமும்

சென்னை மாநகரின் வடபால் மூலக்கொத்தளம் என்னும் பகுதி உளது. கொத்தளம் என்பது கோட்டை மதிலில் புறத்தே நீட்டிக் கட்டப்பெறும் காவல்மேடையின் பெயர். 18ஆம் நூற்றாண்டில் நகரின் வடபுறத்தே எழுந்த மதிலை அப்பெயர் இன்றும் நினைவூட்டுகின்றது. துறைமுகமும் ஆலைகளும் அருகே அமைந்தமையால் அங்கு வாழ்வோருள் பலர் பொழுது பாராது உழைப்பவர். முன்னிரவில் வேலைக்குச் சென்று விடிந்தபின் வீடு திரும்புவோர் உளர். காசிமேட்டில் மீன் வாங்க இருள் நீங்குமுன் கூடையுடன் புறப்படும் மகளிரும் உளர். வீடுகளோ நெருங்கியவை. சாளரம் இல்லாத அறைகள் பல. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் நண்பகலிலும் அங்கே விளக்கு எரியும். அந்நாள்களில் ஒருவர் எழும்போதே சோர்ந்து எழுந்து, காரணமின்றி முகம் வாடியிருப்பாராயின், மூத்தோர் அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்வர். அக்கடிதல் எல்லார்க்கும் பொருந்துவதன்று.

நம் இலக்கண நூலார் திணைதோறும் பொழுதை வகுத்தனர். தலைவன் வரவை நோக்கி ஆற்றியிருக்கும் முல்லைக்குக் கார்காலமும் மாலையும், ஊடலுக்குரிய மருதத்திற்கு வைகறையும் உரியன. உள்ளம் பொழுதோடு மாறும் இயல்பை உணர்ந்தே அவர்கள் இவ்வாறு வகுத்தனர் என்பது என் துணிபு. அம்மாற்றத்தின் காரணம் உடலுள் யாது என்னும் ஆராய்ச்சியோ அண்மைக் காலத்தது.

நம் ஊரில் குளிர்காலத்துப் பகல் பெரிதும் சுருங்குவதில்லை. ஆண்டின் மிகச் சிறிய பகலும் சென்னையில் 11 மணி நேரத்திற்கு மேற்பட்டதே. இலண்டனில் அது 8 மணி நேரத்திற்கும் குறைவு. நார்வே நாட்டின் வடபகுதியிலுள்ள திரோம்சோ நகரிலோ, நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை ஞாயிறு அடிவானத்திற்கு மேல் எழுவதே இல்லை. இலங்கைத் தமிழர் பலர் 1980களில் அவ்வடபுலத்து மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். பனையும் வெயிலும் பழகிய கண்களுக்கு அந்த நீண்ட இருள் குளிரினும் கொடியதாகத் தோன்றியிருக்கும் அன்றோ!

அத்தகைய நாடுகளில் சிலர்க்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உளச்சோர்வு நேர்கின்றது. மிகுதியாக உறங்குவர், மாப்பண்டங்களை விரும்பி உண்பர், எச்செயலிலும் நாட்டம் இழப்பர், வேனில் வந்ததும் தெளிவர். அமெரிக்க நாட்டுப் பொறியாளர் ஒருவர் தம் மனநிலையைப் பல ஆண்டுகள் குறிப்பேடுகளில் எழுதிவந்து, அது பகலின் நீட்சியோடு ஏறி இறங்குவதைத் தாமே கண்டார். அவர் அந்நாட்டுத் தேசிய மனநல நிறுவனத்து ஆய்வாளரை அணுகவே, அவர்கள் மிகுந்த ஒளியுள்ள விளக்கின் முன் காலையிலும் மாலையிலும் அவரை அமரச் செய்தனர். சில நாள்களில் அவர் சோர்வு நீங்கினார். பின்னர், 1984ஆம் ஆண்டில், நார்மன் ரோசன்தால் என்பாரும் அவர்தம் குழுவினரும் இந்நோய்க்குப் பெயரிட்டு, ஒளியால் அதனைத் தணிக்கலாம் என்று எழுதினர். ரோசன்தால் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரிற் பிறந்தவர். நியூயார்க்கு வந்தபின் குளிர்காலத்தில் தமக்கே ஊக்கம் குன்றுவதை உணர்ந்தவர்.

இவ்விளக்கு வீட்டு விளக்குப் போன்றதன்று. ஒளியின் அளவை லக்ஸ் என்னும் அலகால் கூறுவர். வீட்டு அறையில் இரவில் நாம் பெறுவது பெரும்பாலும் சில நூறு லக்ஸுக்கு மேற்படாது. சிகிச்சை விளக்கு 10,000 லக்ஸ் ஒளி தருவது. காலையில் விழித்தெழுந்த சிறிது நேரத்தில் அரைமணி அளவு அதன்முன் அமர்தல் வேண்டும். அதனை உற்றுநோக்குதல் கூடாது. நூல் படிக்கலாம், உணவு உண்ணலாம். எல்லார்க்கும் இது பயன் தரும் என்று கூற இயலாது. கண்நோய் உடையாரும், சோர்வும் மிகைக் களிப்பும் மாறிமாறி வரும் உளநோய் உடையாரும் மருத்துவரைக் கேளாமல் இதனை மேற்கொள்ளலாகாது. வெயிலோ ஓர் இலட்சம் லக்ஸ் வரை தரும். மேகம் மூடிய பகலிலும் தெருவில் பெரும்பாலும் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். ஆகவே மூலக்கொத்தளத்தில் வாழ்வார்க்கு இவ்விளக்கு வாங்கும் செலவு வேண்டா. வாயிலைக் கடந்து வெளியே வந்தால் போதும்.

ஒளி இவ்வளவு செய்வது எவ்வாறு? கண்ணுக்குப் பொருள்களைக் காண்டல் ஒன்றே தொழிலன்று. விழித்திரையிலுள்ள சில நரம்பணுக்கள், உருவத்தைக் காட்டாது, ஒளி உண்டு இல்லை என்பதை மட்டும் மூளைக்கு அறிவிக்கின்றன. இவற்றின் இயல்பு 2002ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. பார்வை இழந்தாருள்ளும் சிலர்க்கு இவ்வணுக்கள் கெடாதிருத்தல் உண்டு. அவர்தம் உடல் பொழுதறியும். கண்நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்தின் மேலே, மூளையில் உடற்கடிகாரம் அமைந்துள்ளது. மெலட்டோனின் என்னும் இரவுச் சுரப்பை அக்கடிகாரமே ஆள்கின்றது. அஃது ஏறக்குறைய 24 மணி நேரத்திற்கு ஒருமுறை சுழலினும், பலர்க்குச் சிறிது பின்தங்குவது. நாள்தோறும் காலை ஒளியே அதனைத் திருத்தி வைக்கின்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சந்திரசேகரன் இத்துறையில் ஆய்ந்தார். குகையில் வாழும் வௌவால்களின் பொழுதறிவை ஆராய்ந்ததோடு, கடிகாரமும் கதிரொளியும் எட்டாத அறையில் மாந்தரைப் பல நாள் தங்கச் செய்து, அவர்தம் துயிலும் விழிப்பும் இயங்கும் முறையையும் அவர் குழுவினர் கண்டனர்.

காலை ஒளி விழிப்பை முன்னே கொணரும்; இரவில் பெறும் மிகுந்த ஒளி துயிலைப் பின்னே தள்ளும். நள்ளிரவு வரை கைப்பேசியை முகத்தருகே பிடித்திருக்கும் மாணவர் விடியலில் எழ மாட்டாது வருந்துதற்கு இதுவும் ஒரு காரணம். இரவு ஷிப்டில் உழைப்பவர்க்கோ கணக்கு மாறும். விடியலில் வீடு திரும்புகையில் முகத்திற் படும் கதிரொளி, 'பகலாயிற்று, விழித்திரு' என்று உடற்கடிகாரத்திற்குச் சொல்லிவிடுகின்றது. பின்னர்ப் படுத்தாலும் துயில் எய்துவதில்லை. அன்னார் வேலையின் முற்பகுதியில் ஒளி மிக்க இடத்தில் இருந்து, நெடுவழி வண்டி ஓட்டாதவராயின் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்து, இருண்ட அறையில் உறங்குதல் நன்று. ஓர் அறையே வீடாக உள்ளார்க்கு இருண்ட அறை ஏது? கண்களின்மேல் கறுப்புத் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டாலும் போதும். தந்தை அவ்வாறு உறங்கும் வேளையில், பிள்ளைகள் பாடநூல்களை எடுத்துக்கொண்டு வாயிற்படிக்கு வந்துவிடலாம். அவர்கட்கு வேண்டிய காலை ஒளி அங்கேதான் இருக்கின்றது.