பெயர் போடுவதும் போடாததும்

அன்புள்ள மதி,

நீ மதிப்பாய்வு செய்த பேப்பரில் உன் பெயரையும் வெளியிடலாமா என்று அந்த ஜர்னல் கேட்டிருப்பதாக உன் அப்பா போனில் சொன்னான். முடிவு உன்னுடையதுதான். அத்தை குறுக்கே வரமாட்டாள். ஆனால் இந்த விஷயத்தில் ஆராய்ச்சியாளர்கள் பேசுவது ஒன்று, செய்வது ஒன்று.

2006இல் நேச்சர் இதழ் ஒரு சோதனை நடத்தியது. பரிசீலனையில் இருக்கும் கட்டுரையை இணையத்தில் வைப்போம், துறைக்காரர்கள் பெயரோடு கருத்துச் சொல்லட்டும் என்றது. சோதனை நடந்த மாதங்களில் மதிப்பாய்வுக்குப் போன கட்டுரைகள் 1,369. சம்மதித்தது 71 கட்டுரைகளின் ஆசிரியர்கள். அவற்றிலும் 33 கட்டுரைகளைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

2017இல் வெளிவந்த ஒரு கருத்தாய்வில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். திறந்த மதிப்பாய்வு பொது வழக்கமாக வேண்டும் என்றவர்கள் 60 சதவீதம். மதிப்பாய்வாளரின் பெயர் தெரிய வேண்டுமா என்று கேட்டதும், கிட்டத்தட்டப் பாதிப்பேர் அது மதிப்பாய்வையே கெடுக்கும் என்றுவிட்டார்கள்! எல்செவியர் பதிப்பகம் தன் ஐந்து இதழ்களில் மதிப்பாய்வு அறிக்கைகளை வெளியிட்டுப் பார்த்தது. அதனால் மதிப்பாய்வுக்கு ஆள் கிடைப்பது பெரிதாகக் குறையவில்லை. ஆனால் தன் பெயரையும் போடச் சொன்னவர்கள் 8.1 சதவீதம்தான். அங்கே இளையவர்களின் பரிந்துரைகள் சற்றுச் சாதகமாகவே இருந்தனவாம். அது நல்ல மனசா, பயமா என்று அத்தைக்குச் சந்தேகம் உண்டு.

பெயர் தெரிந்தால் அறிக்கை ஒழுங்காக இருக்கும் என்பார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1999இல் வெளியிட்ட சோதனையில் தரம் கூடவுமில்லை, குறையவுமில்லை. மதிப்பாய்வு செய்ய மாட்டேன் என்றவர்கள்தான் கூடினார்கள். அப்படியும் அந்த இதழ் பெயரைச் சொல்லும் முறைக்கே போனது. அதன் ஆசிரியர் குழுவுக்கு அது கொள்கை. அவர்கள் யாரும் வேலை தேடிக்கொண்டிருக்கவில்லையே.

அத்தையும் ஒரு காலத்தில் பெயர் போட்டாள். பிறகு ஒரு வேலைக்கான நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார், என்ன கேட்டார் என்பதெல்லாம் உனக்கே மனப்பாடம். தாத்தா சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். அந்த வேலை கிடைத்திருந்தால் திருச்சி வீடு கைவிட்டுப் போயிருக்காது. அதை இப்போது பேசி என்ன?

நேச்சர் 2025 ஜூன் முதல் புதிதாக வரும் கட்டுரைகள் பிரசுரமானால் மதிப்பாய்வு அறிக்கைகளையும் சேர்த்தே வெளியிடுகிறது. பெயர் மட்டும் அவரவர் விருப்பம். அத்தைக்கு இது பிடித்திருக்கிறது. எழுதியதை ஊரே படிக்கட்டும். குறை சொன்னது யார் என்பதை, நிரந்தர வேலையில் இருப்பவர்கள் முதலில் சொல்லிக்கொள்ளட்டும். உனக்கு போஸ்ட்டாக் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

சரி, உன் இஷ்டம். நீ பெயர் போட்டாலும் அத்தை கோபப்பட மாட்டாள். அந்த அறிக்கையை பிரிண்ட் எடுத்துப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டுவாள். நம் வீட்டிலேயே கெட்டிக்காரி நீதான், உங்கப்பாவிடம் சொல்லாதே. அதிரசம் பார்சலில் வருகிறது. ராத்திரி கண் விழிக்காதே.

அன்புடன்,
அத்தை