உள்காது காட்டும் உடம்பு

உசிலம்பட்டி

அன்புள்ள தம்பிக்கு,

தட்டாமாலை சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால் தரை ஏன் சுற்றுகிறது என்று கேட்டிருந்தாய். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். நீ நின்றாலும் திரவம் உடனே நிற்பதில்லை. அந்த வேகத்தில் வளைந்த நுண்மயிர்கள் நிமிரச் சில நொடிகள் ஆகும். அதுவரை நீ எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதாக மூளை நம்பிக்கொண்டிருக்கும். பக்கத்திலுள்ள இரண்டு சிறு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. ஆண்டிப்பட்டிக் கணவாயில் டிரைவர் பிரேக் போடுவதைக் கண்ணை மூடியிருக்கும்போதும் உனக்குச் சொல்பவை அவைதாம். பாடப்புத்தகம் இதைச் சமநிலை உறுப்பு என்று சொல்லி முடித்துவிடும். என் கட்சி வேறு. விழாமல் நிற்பதற்கு மட்டுமல்ல, இந்த உடம்பு என்னுடையது என்ற நினைப்புக்கும் உள்காது தரும் செய்தி வேண்டியிருக்கிறது.

சான்று பக்கவாத நோயாளிகளிடம் இருக்கிறது. மூளையின் வலப்பக்கம் பக்கவாதம் தாக்கினால் இடது கைகால் விழுந்துபோகும். சிலர் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். மற்ற விஷயங்களையெல்லாம் தெளிவாகவே பேசுவார்கள். 1991-ல் இத்தாலிய ஆய்வாளர் பிசியாக்கும் குழுவினரும் விவரித்த மூதாட்டி, தன் இடது கையைத் தன் தாயுடையது என்றார். இடது காதில் குளிர்ந்த நீரை விட்டதும் அது தன் கைதான் என்றார். கொஞ்ச நேரத்தில் பழைய பேச்சுக்கே திரும்பிவிட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் இதே முறையைச் செய்து பார்த்தார். கை விழுந்ததை மறுத்துவந்த பெண், நீர் விட்டபின் ஒப்புக்கொண்டார். அதுமட்டுமா, பல நாளாகவே அப்படித்தான் இருக்கிறது என்றார்! மறுத்துக்கொண்டிருந்தபோதும் உள்ளே எங்கோ அந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது. காதில் விட்ட குளிர்நீர் குழாய்த் திரவத்தை நகர்த்துகிறது. இதை விளக்கிய ராபர்ட் பாரானிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

ஐஸ் தண்ணீர் பட்டால் யாருக்கும்தான் உறைக்கும், அந்த அதிர்ச்சியில் தெளிந்திருப்பார் என்று நீ மடக்கலாம். இடப்பக்கத்தையே கவனிக்காத நோயாளிகளிடம் ரூபன்ஸ் என்ற ஆய்வாளர் 1985-ல் செய்த சோதனை இதற்குப் பதில். இடது காதில் குளிர்ந்த நீரும் உதவியது, வலது காதில் வெதுவெதுப்பான நீரும் உதவியது. இரண்டும் திரவச் செய்தியை ஒரே பக்கம் சாய்க்கின்றன. வெதுவெதுப்பான நீரில் அதிர்ச்சிக்கு என்ன வேலை? அடுத்த கேள்வி கனமானது. காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் இந்த உறுப்பையே இழந்தவர்களும் ‘நான்’ என்றுதானே சொன்னார்கள்? சொன்னார்கள். பகலில் கண்ணும், பாதமும் மூட்டும் தரும் உணர்வும் ஈடுகட்டின, இருட்டில் தள்ளாடினார்கள். ஆகவே ‘நான்’ பிறப்பதே உள்காதில்தான் என்று நான் சொல்லவில்லை. அதைத் தாங்கும் பலவற்றில் இது ஒன்று. பாடப்புத்தகம் தரும் இடத்தைவிடப் பெரிய இடம் இதற்கு உண்டு. உள்காதுக் கோளாறு உள்ளவர்களில் பலர் தாம் தாமாக இல்லை, எல்லாம் கனவுபோல இருக்கிறது என்று சொல்வதையும் மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

காதில் நீர் விடும் சோதனையை மட்டும் வீட்டில் செய்து பார்க்காதே. அப்பத்தா கிறுகிறுப்பு என்று சொன்னால் பித்தம் என்று விட்டுவிடாமல், காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போ.