அடுப்பு எப்போது புகைகிறது?

புகைபோக்கி வைத்துக் கட்டிய புது அடுப்பு திரும்பவும் அடுப்படிக்குள்ளேயே புகையைக் கக்கினால், "எங்கே தப்பு?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் கேட்பது, "எப்போ புகையுது?" பற்றவைக்கும்போது மட்டுமா, எந்நேரமுமா, காற்றடிக்கும் நாளிலா, கதவைச் சாத்தினாலா? நான்குக்கும் காரணம் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் கொத்தனாரை வரச்சொன்னால், நன்றாக இருக்கும் அடுப்பையும் இடித்துவிட்டுக் கூலி கேட்பார்.

எங்கள் ஊர் வடுகபட்டியில் கேஸ் இல்லாத வீடு இன்றைக்கு அரிது. ஆனாலும் பின்கட்டில் வெந்நீருக்கும், விசேஷ நாளில் அண்டா ஏற்றவும் விறகடுப்பு வேண்டியிருக்கிறது. பெரியகுளம் பக்கத்து மாந்தோப்புகளில் கழித்துப்போடும் கிளைகளும் தென்னை மட்டையும் இருக்க, விறகுக்குப் பஞ்சமில்லை. சிலிண்டர் விலை ஏறியதும் நாங்களும் புதிதாகக் கட்டினோம். அதிலிருந்து அக்கம்பக்கத்தில் எந்த அடுப்பு புகைந்தாலும், "அக்கா, வந்து ஒரு எட்டுப் பாருங்க" என்று அழைப்பு வந்துவிடும்.

புகையில்லா அடுப்பு நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1950களிலேயே அதற்கு வடிவம் கொடுத்துப் புத்தகமும் எழுதினார். மத்திய அரசு 1980களின் தொடக்கத்தில் தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தியது. அடுப்பைக் கட்டிக் கொடுத்தார்கள். அது எப்படி இழுக்கிறது என்பது பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

இழுப்பது குழாய் அல்ல, சூடு. உள்ளே சூடான புகை இலேசானது, வெளிக்காற்று கனமானது. அந்த எடை வித்தியாசம்தான் புகையை மேலே தள்ளுகிறது. 10 அடிப் புகைபோக்கியில் 150 டிகிரிப் புகை ஏறுகிறது, வெளியே 30 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், கிடைக்கும் இழுவை ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். அவ்வளவுதான். இத்தனை மெலிந்த விசையை ஒரு வளைவோ, ஈர விறகோ, எதிர்க்காற்றோ சுலபமாகத் தோற்கடித்துவிடும்.

பற்றவைக்கும்போது மட்டும் புகைந்தால்

குழாய்க்குள் குளிர்ந்த காற்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. மார்கழி விடியலில் இது சகஜம். சித்திரை மத்தியானத்திலும் நடக்கும்: மண்சுவர் அடுப்படி உள்ளே குளுமையாக, வெளியே வெயில் கொளுத்தினால், குழாயில் காற்று கீழ்நோக்கியே இறங்கும். எரியாத அடுப்பின் வாயில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே போனால் இழுக்கிறது. முகத்துக்கு வந்தால் திருப்புகிறது. திருப்பினால், குழாய் அடுப்போடு சேரும் இடத்தில் காய்ந்த ஓலையோ காகிதமோ கொஞ்சம் கொளுத்திக் குழாயைச் சூடாக்கிவிட்டு, பிறகு சுள்ளியில் தீ வையுங்கள். முதலிலேயே பெரிய கட்டையைத் திணிக்க வேண்டாம்.

புது மண் அடுப்பென்றால், முழுக்கக் காயும்வரை தீயின் சூட்டில் பாதி ஈரத்தை ஆற்றுவதற்கே போய்விடும். காய்ந்த பின்னும் சில நாள் சிறு தீ மட்டும் போடுங்கள். அந்த நாட்களில் புகைவதைக் குறையென்று எண்ண வேண்டாம்.

எந்நேரமும் புகைந்தால்

முதலில் விறகைப் பாருங்கள். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். போன வாரம் கழித்த மாங்கிளை வெளியே காய்ந்தாற்போல் தெரியும். இரண்டு கட்டையைத் தட்டினால் 'தொப்'பென்று கேட்கும். நன்றாகக் காய்ந்தது 'டங்'கென்று பேசும், முனையில் வெடிப்பு விட்டிருக்கும். அடுத்தது அடுப்பு வாய்: விறகை அடைத்துத் திணித்தால் காற்று நுழைய வழியில்லை. கொடியடுப்பில் பாத்திரம் வைக்காமல் திறந்துவிட்டால் இழுவை அந்த ஓட்டை வழியே வீணாகும். ஒரு மூடி போட்டுவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், அடுப்பு ஆறிய பிறகு புகை வெளியேறும் துவாரத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். நான் பார்த்த புது அடுப்புகளில் அடிக்கடி கண்ட குறை இதுதான்: குழாயை ஆழமாக இறக்கிப் பூசியதில், அதன் அடி எதிர்ச்சுவரை ஒட்டி நின்று வழியை அடைத்திருக்கும். குழாய் நேராக இருந்தால், கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் வானம் தெரிய வேண்டும். காசை மிச்சம் பிடிக்க 6 அங்குலக் குழாய்க்குப் பதில் 4 அங்குலம் போட்டால், புகை போகும் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். சுவரைத் துளைத்து வெளியேற்ற இரண்டு செங்குத்தான முழங்கை வளைவு வைப்பதும் அப்படியே. தவிர்க்க முடியாவிட்டால் சாய்வான வளைவு போடச் சொல்லுங்கள்.

காற்றடிக்கும் நாளில் புகைந்தால்

ஆடி பிறந்தால் நம் பக்கம் மேகாற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேற்கே பக்கத்து வீட்டு மாடி உயர்ந்து நின்றால், அதன்மேல் ஏறி வரும் காற்று இந்தப் பக்கம் இறங்கி நேராகக் குழாய்க்குள் பாயும். அடுப்பில் கைவைக்க வேண்டாம்; குழாயை உயர்த்துங்கள். சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடியாவது மேலே நிற்க வேண்டும். உச்சியில் மூடி போடுங்கள். ஆனால் மூடிக்கும் குழாய் வாய்க்கும் நடுவே குழாய் விட்டத்தில் பாதியளவாவது இடைவெளி இருக்கட்டும்.

கதவைச் சாத்தினால் புகைந்தால்

புகை வெளியேற வேண்டுமென்றால் அந்த அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். ஜன்னலைத் திறந்ததும் புகை நின்றால், குறை அடுப்பில் இல்லை. இப்போது பல வீடுகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியிருக்கிறார்கள். அது ஓடும்போது அடுப்படிக் காற்றை வெளியே தள்ளும். ஈடுகட்டக் காற்று புகைபோக்கி வழியாகவே கீழே இறங்கும். அடுப்பு எரியும்போது ஃபேனை நிறுத்துங்கள். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கங்கு கிடக்கும் அறையைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது.

நன்றாக இழுக்கும் அடுப்பையும் அப்படியே விட்டுவிட முடியாது. 4 அங்குலக் குழாயில் சுற்றிலும் அரை அங்குலம் கரி படிந்தால், மிஞ்சும் வழி பாதிக்குச் சற்றே மேல்தான். அந்தக் கரியே தீப்பிடிக்கவும் செய்யும். கீற்றுக் கூரை வீட்டில் அது பெரிய ஆபத்து. குழாய் கூரையைத் தாண்டும் இடத்தில் ஓலை ஒட்டாமல் நல்ல இடைவெளி விட்டுத் தகடு அடியுங்கள். ஆனி கழிவதற்குள் ஒரு நீளக் கம்பில் கோணியைச் சுற்றி, மேலிருந்து குழாயைத் துடைத்து இறக்கிவிட்டால், ஆடிக்காற்றுக்கு அடுப்பு தயார்.