தலைகளை எண்ணித் தரத்தை அளக்கலாமா?

பல்கலைக்கழக நுழைவுக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வின் முடிவுகள் வெளியாகிப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு நாள் நெருங்கியிருந்த ஒரு மாலையில், பினாங்கில் லெபு பினாங்கும் லெபு பசாரும் சந்திக்கும் முனைக்கு அருகே ஒரு சாப்பாட்டுக் கடையில், நெடுநாள் பழகிய நண்பர் ஒருவர் தம் மகளோடு வந்து என் எதிரில் அமர்ந்தார். அரசாங்கம் வரி வாங்குவதையும் அதைச் செலவிடுவதையும் ஆராய்கின்ற பொது நிதியியலைக் கற்க வேண்டுமென்பது அந்தப் பெண்ணின் விருப்பம். தகப்பனாரோ ஒரு தாளில் பல்கலைக்கழகங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் மாணவர் தொகையைக் குறித்து, எல்லாவற்றிலும் பெரிய எண்ணின் கீழே இரட்டைக் கோடு போட்டு வைத்திருந்தார். "கூட்டம் எங்கே சேருதோ அங்கேதானே அண்ணே சரக்கு இருக்கும்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி அவர் ஒருவருடையதன்று. நம் பெற்றோர் பலருடைய அபிப்பிராயமும் அதுவே ஆகையால், அதையும் அதைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகளையும் கிரமமாக எடுத்து ஆராய்வது அவசியமென்று கருதுகிறேன்.

நம்பிக்கை 1: மாணவர் தொகை மிகுந்த பல்கலைக்கழகமே இப்பாடத்துக்குச் சிறந்தது.

உண்மை: நம் மலேசிய நாட்டில் தொகையால் முதலிடம் பெறுவது மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஒன்றரை இலட்சத்தைக் கடந்த அந்த எண், பெர்மாத்தாங் பாவ் உள்ளிட்டு நாடெங்கும் பரந்து கிடக்கும் கிளை வளாகங்களின் கூட்டுத்தொகை. அன்றியும் அதன் டிப்ளோமா, இளங்கலை வகுப்புகள் மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினருமான பூமிபுத்திரர்களுக்கென்றே அமைந்தவை. தன்னால் சேரவே இயலாத வகுப்பின் தொகையை வைத்து ஒரு தமிழ் மாணவி எதைத் தீர்மானிக்க முடியும்?

நமது பினாங்குத் தீவிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டாலும் கதை அதுவே. அதன் மொத்தத் தொகையில் குபாங் கிரியானில் மருத்துவம் பயில்பவரும் அடக்கம். நிபோங் திபாலில் பொறியியல் பயில்பவரும் அடக்கம். பொது நிதியியலோ, பெரும்பாலும் தனிப் பட்டமாக இல்லாமல், பொருளியல் பட்டத்துக்குள் ஒன்றிரண்டு பாடங்களாகவே இங்கு கற்பிக்கப்படுகிறது. அந்தச் சிறு வகுப்பில் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தின் பெரிய எண் ஒருநாளும் சொல்லாது.

சிறு தொகை குறைவுக்கு அடையாளமும் அன்று. அதே பல்கலைக்கழகம் 1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு தொடங்கியபோது, புக்கிட் குளுகோரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரவலாகப் பெற்ற இடத்தில், 57 மாணவரே முதன்முதலாகப் பயின்றனர். முன்னாளில் இதே லெபு பினாங்கில் செட்டியார்களின் வட்டிக்கடைகளான கிட்டங்கிகளில், மேலாளின் பக்கத்தில் அமர்ந்து பேரேடு எழுதிப் பழகிய பெட்டியடிப் பையன்கள் ஒரு கடைக்கு ஓரிருவரே. ஆயினும் வட்டிக் கணக்கில் அவர்கள் பெற்ற தேர்ச்சி கடல் கடந்தும் பெயர் பெற்றிருந்தது.

நம்பிக்கை 2: மாணவர் தொகை என்றால் அது ஒரே எண்.

உண்மை: உயர்கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவர நூலைத் திறந்தால், கெமாசுக்கான், என்ரோல்மென், கெலுவாரான் என்று மூன்று தனித்தனித் தொகைகளைக் காணலாம். முதலாவது அவ்வாண்டில் புதிதாகச் சேர்ந்தவர். இரண்டாவது எல்லா ஆண்டு வகுப்புகளிலும் பதிவில் உள்ளவர். மூன்றாவது படிப்பை முடித்து வெளியேறியவர். ஒரு பல்கலைக்கழகத்தின் முதல் எண்ணையும் மற்றொன்றின் இரண்டாம் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது, ஒரு கடையின் ஒருநாள் வரவையும் அடுத்த கடையின் ஆண்டு வரவையும் ஒப்பிடுவதற்குச் சமானமாகும்.

இதற்கு மேல், 1971 முதலே தொலைக்கல்வி நடத்திவரும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மின்டன் வளாகத்தைப் போன்ற இடங்களில், நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் பாடம் படிப்பவரும், முழுநேரமாக வளாகத்திலேயே தங்கிப் பயில்பவரும் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு தலையாகவே நிற்கிறார்கள். ஆசிரியரின் நேரத்தை இருவரும் ஒரே அளவாகவா பெறுகிறார்கள்?

நம்பிக்கை 3: உலகத் தரவரிசையில் உயர்ந்த இடம் பெற்றால் பொது நிதியியலிலும் உயர்ந்தது.

உண்மை: நம் செய்தித்தாள்கள் பெரிதும் கொண்டாடும் கியூ.எஸ். வரிசை, பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே பொருளாக நிறுப்பது. ஆசிரியர்-மாணவர் விகிதத்துக்கு அது முன்பு அளித்துவந்த 20 விழுக்காடு, 2024-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தது. கற்பித்தல் சற்றும் மாறாதிருக்க, நிறுக்கும் முறை மாறியதனாலேயே இடம் மாறக்கூடுமென்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டுவதில்லை.

பொது நிதிக்கென்றே தனி வரிசை வெளியிடும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. இந்தியானா, கென்டக்கி, சிரக்யூஸ் முதலிய பல்கலைக்கழகங்களின் பெயர்கள் அதில் முன்னே நிற்பது வழக்கம். ஆனால் அந்த வரிசை, பொது நிர்வாகக் கல்வித் துறைகளின் தலைவர்களிடம் அபிப்பிராயம் கேட்டுத் தொகுக்கப்படுவதேயன்றி, மாணவர் தொகையைக் கொண்டு அமைவதன்று.

நம்பிக்கை 4: பினாங்கிலுள்ள பல்கலைக்கழகம் பினாங்கு அரசின் பணத்தில் நடக்கிறது.

உண்மை: பினாங்கில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டுமென்று 1962-இல் தீர்மானம் செய்தது நம் மாநிலச் சட்டமன்றமே என்பதில் நாம் பெருமை கொள்வது நியாயம். எனினும், அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வி கூட்டரசுக்கு உரிய விஷயம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் செலவில் பெரும்பகுதியைத் தாங்குவது கூட்டரசின் வரவு செலவுத் திட்டம். மாணவரின் கட்டணம் அச்செலவில் ஒரு சிறு பங்கே. அந்தப் பங்கையும் செலுத்த இயலாதவர்க்குக் கடன் அளிக்கவே 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். ஸ்தாபிக்கப்பட்டது.

நம்பிக்கை 5: தலைகளை எண்ணினால் போதும், பங்கு தானே தெரிந்துவிடும்.

உண்மை: இந்த நம்பிக்கையைப் பொது நிதியியலே மறுக்கிறது. மாநிலங்களுக்குக் கூட்டரசு அளிக்கும் தலைவீத மானியத்தை அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணை விதிக்கிறது. முதல் ஒரு இலட்சம் பேருக்குத் தலைக்கு 72 வெள்ளி. அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 10 வெள்ளி 20 காசு. அதற்கடுத்த ஐந்து இலட்சத்துக்கு 10 வெள்ளி 80 காசு. எஞ்சியவர்க்கு 11 வெள்ளி 40 காசு. நான் அந்தப் பெண்ணிடம் பேனாவைக் கொடுத்து, தகப்பனார் கொண்டுவந்த தாளின் பின்புறத்திலேயே கணக்கிடச் சொன்னேன். பினாங்கைப் போல 17 இலட்சம் பேர் வாழும் மாநிலத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 45 இலட்சம் வெள்ளி வந்தது. பெர்லிஸைப் போல 3 இலட்சம் பேர் வாழும் மாநிலத்துக்கு 92 இலட்சத்துச் சொச்சம். மொத்தத்தில் பினாங்கின் தொகையே பெரிது. தலைக்கு வகுத்தபோதோ, பினாங்குக்கு 14 வெள்ளிச் சொச்சமும் பெர்லிஸுக்கு 30 வெள்ளிச் சொச்சமும் என்று விடை புரண்டுவிட்டது. மொத்தத்தைக் கண்டு மயங்காமல் வகுத்துப் பார்ப்பதே அவள் கற்க விரும்பும் சாஸ்திரத்தின் முதற்பாடம். அந்தப் பாடத்தைத் தேடிப் புறப்படும்போதே அதை மறந்துவிடுவது எவ்வளவு பெரிய முரண்!

ஆகவே பெற்றோருக்கும் மாணவருக்கும் என் வேண்டுகோள் இது. மாணவர் தொகையைப் பார்க்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அந்தத் தொகை எவருடையது, எந்த ஆண்டினது, எந்த வகுப்பினது என்று கேட்ட பின்னரே அதைத் தராசில் வையுங்கள். விண்ணப்பத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிக்குமுன், அதன் பொருளியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதி நான்கு விவரங்கள் கேளுங்கள்: பொது நிதியியலை எந்த ஆண்டில் கற்பிக்கிறார்கள், அதைக் கற்பிக்கும் ஆசிரியர் எத்தனை பேர், அவ்வகுப்பில் மாணவர் எத்தனை பேர், சேர்ந்தவர்களில் உரிய காலத்தில் பட்டம் பெற்று வெளியேறியவர் எத்தனை பேர். அந்நான்கு விடைகளும் கையில் வரும்வரை எந்த எண்ணின் கீழும் இரட்டைக் கோடு போடாதீர்கள்.