ஃபிரீசருக்குள் போத்தல் வைக்கிறாயா? கொஞ்சம் நில் தங்கச்சி!

போன தீபாவளிக்கு வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், ஜிஞ்சர் பியர் குளிரவில்லை. பத்து நிமிஷம்தானே என்று ஒரு போத்தலை ஃபிரீசருக்குள் தள்ளினேன். பேச்சுச் சுவாரஸ்யத்தில் மறந்தே போனது. மறுநாள் காலையில் திறந்தால், போத்தலின் அடி சாஸர் மாதிரித் தனியாகக் கழன்று கிடக்கிறது. ஐஸ் மட்டும் போத்தல் வடிவத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் வைத்திருந்த ஒரு கிலோ மீன் முழுக்கக் கண்ணாடித் தூள். கழுவிச் சமைக்கலாமா என்று ஒரு நொடி மனசு கேட்டது. சமைக்கவில்லை. குழி வெட்டிப் புதைத்தேன்.

நாம் இருக்கும் பதுளை டவுன் ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வாளித் தண்ணீர் வாசலில் உறைந்து நாம் பார்த்ததில்லை. அதனால் ஐஸின் பலம் நமக்குத் தெரிவதில்லை. இப்போது லயத்துக் காம்பராக்களிலும் ஃபிரிட்ஜ் வந்துவிட்டது, ஆகவே சொல்கிறேன், கேள்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 வீதம் பெருக்கும். ஒரு லீட்டர் ஊற்றினால் இன்னும் 90 மில்லிலீட்டருக்கு இடம் வேண்டும், அதாவது சின்னக் கோப்பை பிளேன்டீ அளவு. அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால் அது தானே எடுத்துக்கொள்ளும். பிரஷர் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவுதான் கூடுதல் அழுத்தம். ஃபிரீசரின் மைனஸ் 18 பாகையில் தண்ணீரை உறையவிடாமல் அடக்கிவைக்க 1,700 கிலோவுக்கு மேல் வேண்டும். கண்ணாடி எந்த மூலைக்கு?

1. மூடியைத் திறந்து வைத்தால் வெடிக்காது என்று நினைக்காதே. எல்லாரும் விடுகிற பிழை இதுதான். ஒடுங்கிய கழுத்தில் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் முதலில் உறைந்து தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு கீழே மிச்சத் தண்ணீர் உறையும்போது போக வழியே இல்லை. மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போத்தல் அடைபட்டதுதான்.

2. பிளாஸ்டிக் போத்தலில் முக்கால்வாசிக்கு மேல் ஊற்றாதே. மூடி, படுக்க வை. தண்ணீர் கழுத்தில் நிறைந்து நிற்காது, மேலே நீளத்துக்குக் காற்றிடம் கிடைக்கும். அவசரத்துக்கு இது ஒன்றே போதும்.

3. தேங்காய்ப்பாலையும் மிஞ்சிய குழம்பையும் பழைய ஜேம் போத்தலில் ஊற்றி உறைய வைக்காதே. வாய்ப்பக்கம் ஒடுங்கி, தோள் வைத்த போத்தல் எதுவும் சரிவராது, ஐஸ் மேலே ஏறும்போது அந்தத் தோளில்தான் முட்டும். நேர்ச்சுவர் வைத்த பிளாஸ்டிக் டப்பா எடு, இரண்டு விரல் இடம் விடு.

4. சோடா, ஜிஞ்சர் பியர் ஃபிரீசருக்குப் போகவே கூடாது. ஐஸ் கட்டியாகும்போது கரைந்திருந்த வாயுவை வெளியே தள்ளும். ஐஸின் அழுத்தத்தோடு வாயுவின் அழுத்தமும் சேரும். சீக்கிரம் குளிர வேண்டுமா? வாளியில் தண்ணீரும் ஐஸும் போட்டுப் போத்தலை அதற்குள் நிறுத்து. கொஞ்ச நேரத்தில் குளிர்ந்துவிடும்.

5. பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கெட் போட்டு விற்கிறாயா? உள்ளிருக்கும் காற்றை விரலால் வழித்து எடுத்துவிட்டு, பை தொளதொளவென்று இருக்கும்படி கட்டு. இறுக்கி நிரப்பிய பைதான் ஓரத்தில் பிய்ந்து ஒழுகும்.

6. முட்டையை ஐஸ் பிடிக்கும் பக்கம் ஒட்டி வைக்காதே. உறைந்து ஓடு வெடித்த முட்டை சாப்பாட்டுக்கு ஆகாது.

7. உறைந்துபோன கண்ணாடிப் போத்தலைக் கண்டால் சுடுதண்ணி ஊற்றாதே, மூடியையும் திருகாதே. தடித்த துணியால் சுற்றி ஒரு பேசினுக்குள் நிறுத்தி, முழுக்க இளகும்வரை விடு. முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதே, பிள்ளைகளையும் தள்ளி நிற்கச் சொல்.

ஒஹியாவுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளியிலும் நுவரெலியாவிலும் ஜனவரி, பெப்ரவரி விடியலில் பனி உறையும். நுவரெலியாத் தோட்டங்களில் கொழுந்து கருகுவதைப் பார்த்துவிட்டு, இலைக்குள்ளும் போத்தல் மாதிரி வெடிக்கிறது என்பார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. இலைக்குள் உயிரணுக்களுக்கு வெளியே பிடிக்கும் ஐஸ், உள்ளிருக்கும் தண்ணீரை இழுத்தெடுத்துக் காயவைத்துவிடுகிறது.

குளிர்நாட்டுக்குப் போன பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவிடு. 1784-85 குளிர்காலத்தில் கனடாவின் கியூபெக்கில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப்படை அதிகாரி, இரும்புக் குண்டு ஓட்டில் தண்ணீர் நிரப்பி, இரும்பு அடைப்பு அறைந்து வெளியே வைத்தார். தண்ணீர் உறைந்ததும் அடைப்பு 400 அடிக்கு மேல் பறந்து விழுந்தது. இரும்புக்கே அந்தக் கதி என்றால் வீட்டுப் பைப் எம்மாத்திரம்? பைப்புக்குள் ஐஸ் வளரும்போது, அதற்கும் மூடிய டெப்புக்கும் நடுவில் மாட்டிய தண்ணீர்தான் நெருக்கப்பட்டு பைப்பை உடைக்கும். கொரியாவிலோ கனடாவிலோ கடுங்குளிர் இரவில் டெப்பைக் கொஞ்சம் சொட்ட விட்டுப் படுக்கச் சொல்.

நீ இன்றைக்கு ராத்திரி படுக்குமுன் ஃபிரீசரை ஒருமுறை திறந்து பார். கண்ணாடிப் போத்தல் ஏதாவது உறையாமல் இருந்தால் எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வை; உறைந்திருந்தால் ஏழாவதில் சொன்னபடி செய்.